பொறி கண்ட காடும் ஊர் கண்ட தோட்டமும்

தமிழில் 'காடு' என்னும் சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்று எவரும் அறுதியிட்டுக் கூறிவிட முடியாது. மரம் அடர்ந்த வனமும் காடுதான். வானம் பார்த்துச் சோளமும் கம்பும் விளையும் புன்செய் நிலமும் காடுதான். கொங்கு நாட்டு உழவர் ஒருவர் 'காட்டுக்குப் போய் வருகிறேன்' என்றால் அவர் வேட்டைக்குப் புறப்படுகிறார் என்று யாரும் எண்ணுவதில்லை. மலாயாத் தோட்டப்புறங்களிலும் அச்சொல் அதே உரிமையோடு வாழ்ந்தது. பால்மரங்கள் வரிசை வரிசையாக நின்ற நிலப்பகுதியைத் தொழிலாளர் 'காடு' என்றே குறித்தனர். விடியுமுன் வாளியும் வெட்டுக்கத்தியுமாகப் புறப்பட்ட தாய், பிள்ளையிடம் 'ஐந்தாம் நம்பர் காட்டில் இருப்பேன்' என்று சொல்லிப் போனாள். அந்தக் காட்டில் ஒவ்வொரு மரத்தையும் நட்டவர் யார், எந்த ஆண்டில் நட்டனர், எந்த மேட்டில் கங்காணி நிற்பார் என்பதெல்லாம் பேசியவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். பொதுவான ஒரு வாழ்க்கை இருவருக்கும் இடையே இருந்தமையால் பொருள் மயக்கத்திற்கு அங்கு இடமில்லை.

அத்தகைய பொது வாழ்க்கை சிறிதும் இல்லாத ஒன்று, நிலத்தை மேலிருந்து பார்த்துக் 'காடு' என்று எழுதும்போதுதான் மயக்கம் தோன்றுகிறது. இன்று அவ்வாறு எழுதுவது மனிதக் கையன்று; துணைக்கோளும் கணினியும் சேர்ந்த ஒரு பொறி. அது எழுதியதை, மக்கள் தம் கையாலேயே வரைந்து வரும் ஒரு நிலப்படத்திற்குள் அப்படியே கொண்டுவந்து கொட்டலாமா என்பது, உலகெங்கும் படம் வரையும் தன்னார்வலரிடையே ஆண்டுக்கணக்கில் நடந்து வரும் வழக்கு. தோட்டப்புறத்தில் வேர்கொண்ட ஒரு சமுதாயம் இவ்வழக்கைத் தொலைவில் நின்று வேடிக்கை பார்ப்பது முறையாகாது.

முதலில் மக்கள் வரையும் படத்தைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அந்நாட்டில் அரசு நில அளவைத் துறையின் படங்கள் அக்காலத்தில் கட்டணத்திற்கும் உரிமைக் கட்டுப்பாட்டிற்கும் உட்பட்டிருந்தன. 'எம் தெருவை யாமே அளந்து, யாமே வரைந்து, யாவர்க்கும் கொடுப்போம்' என்னும் எண்ணமே இத்திட்டத்தின் வித்து. இடங்காட்டும் கருவியைக் கையில் ஏந்தி, மிதிவண்டியிலும் கால்நடையாகவும் திரிந்து தெருக்களைப் பதிவு செய்தவர்கள் அதன் முதல் தொண்டர்கள். பின்னர் வான்படங்களைப் பார்த்து வரையும் வசதியும் வந்து சேர்ந்தது. 2010ஆம் ஆண்டு ஜனவரியில் ஹைத்தி நாட்டுத் தலைநகரை நிலநடுக்கம் சிதைத்தபோது, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர் சில நாள்களிலேயே அந்நகரின் தெருக்களை வரைந்து கொடுத்தனர். மீட்புப் பணியாளர் அப்படத்தைக் கையில் கொண்டே இயங்கினர். யார் எந்தக் கோட்டை எப்போது வரைந்தார், எவர் அதைத் திருத்தினார் என்னும் வரலாறு அப்படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் சேமிக்கப்பட்டிருக்கிறது.

ஆனால், தெருவை வரைய ஆள் கிடைப்பது போல் தெருக்களுக்கு இடைப்பட்ட நிலத்தை வரைய ஆள் கிடைப்பதில்லை. தன் வீட்டையும் தான் குடிக்கும் தேநீர்க் கடையையும் படத்தில் ஏற்ற எல்லாருக்கும் ஆசை. இருபது கல் தொலைவிற்குப் பரந்த புல்வெளியின் ஓரத்தைப் புள்ளி புள்ளியாகக் குத்திச் செல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஆகவே படத்தில் பெரும் வெற்றிடங்கள் எஞ்சின. அரசுகளிடமோ ஆய்வு நிறுவனங்களிடமோ நிலப்போர்வை பற்றிய தரவு ஆயத்தமாக இருந்தது. ஒரே இரவில் வெற்றிடம் முழுவதையும் பச்சையாலும் மஞ்சளாலும் நிரப்பிவிடலாம் என்றால் எவர் மனந்தான் சபலப்படாது?

பிரான்சு நாட்டில் அச்சபலம் செயலாயிற்று. ஐரோப்பாவில் 1985ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'கோரின்' என்னும் திட்டத்தின் நிலப்போர்வைத் தரவில் 44 வகைகள் உண்டு. துணைக்கோள் படங்களைப் பெரும்பாலும் வல்லுநர் கண்ணால் பார்த்து வகுத்த தரவு அது. ஆதலின் முழுவதும் பொறியின் வேலை என்று அதைக் கூறுதல் பொருந்தாது. 2006ஆம் ஆண்டிற்குரிய அத்தரவு, 2009ஆம் ஆண்டில் பிரான்சு மக்களின் படத்திற்குள் ஏற்றப்பட்டது. வெண்மையாகக் கிடந்த நாட்டுப்புறம் வண்ணம் பெற்றது. குறை எங்கே இருந்தது என்றால், அத்தரவின் அளவுகோலில் இருந்தது. 25 எக்டருக்குக் குறைந்த எதையும் கோரின் தனியாகக் காட்டாது. 25 எக்டர் என்பது ஏறத்தாழ 62 ஏக்கர். முப்பத்தைந்து கால்பந்துத் திடல்கள் அதில் அடங்கும். ஒரு சிற்றூரும் அதன் தோப்பும் குளமும் அந்தப் பரப்பிற்குள் ஓசையின்றி மூழ்கிப் போகலாம். நாடுகளையும் மாநிலங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க அமைந்த தரவு அது. வீதி வீதியாக நடந்து வரைந்த படத்தின்மேல் அதைப் போர்த்தியபோது, கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் முரண்பட்டன. பிறகு வந்த தொண்டர்கள் வான்படத்தைப் பார்த்து ஒவ்வொரு வயலையும் தோப்பையும் வரைய முற்பட்டபோது, முன்பே கிடந்த பெருந்துண்டை அறுத்தெடுத்து விட்டுத்தான் வரைய வேண்டியிருந்தது. தைத்த சட்டையைப் பிரித்து மீண்டும் தைப்பது புதுச்சட்டை தைப்பதைவிடக் கடினம் என்பதைத் தையற்காரர் அறிவர்.

கனடாவிலும் அரசின் நிலத்தரவு துண்டு துண்டாக ஏற்றப்பட்டது. அரசுப் படத்தாள்களின் எல்லை எங்கே முடிந்ததோ அங்கே காடும் அளவுகோல் வைத்து வெட்டியது போல் நேர்கோட்டில் முடிந்து நின்றது. இயற்கையில் அப்படி ஒரு காடு உண்டா? அமெரிக்காவில் 2007, 2008ஆம் ஆண்டுகளில் ஏற்றப்பட்டது நிலப்போர்வையன்று, குடிமதிப்புத் துறையின் சாலைத் தரவு. எனினும் பாடம் ஒன்றே. இடம் பிசகிய சாலைகளையும், வனத்து வண்டித்தடம் குடியிருப்புத் தெருவாகப் பதிந்திருப்பதையும் அந்நாட்டுத் தொண்டர்கள் பல்லாண்டுகள் திருத்திக் கொண்டிருந்தனர். 'இன்னும் சரிபார்க்கப்படவில்லை' என்னும் குறிப்பு ஒவ்வொரு சாலையிலும் ஒட்டியே ஏற்றப்பட்டது. அக்குறிப்பை வைத்தவர்களின் நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இப்போது பொறி தானே வகுக்கும் தரவுக்கு வருவோம். ஐரோப்பிய விண்வெளி அமைப்பு 2021ஆம் ஆண்டு அக்டோபரில் 'வேர்ல்ட்கவர்' என்னும் உலக நிலப்போர்வைப் படத்தை வெளியிட்டது. அது 2020ஆம் ஆண்டின் நிலத்தைக் காட்டுவது. 'சென்டினல்' என்னும் துணைக்கோள்கள் அதற்குக் கண்களாக அமைந்தன. அவற்றுள் ஒருவகை, சூரிய ஒளியில் நிலம் எவ்வாறு மின்னுகிறது என்று பார்ப்பது; மற்றொரு வகை, தானே அலையை அனுப்பி அதன் எதிரொலியைப் பெறுவது. நிலநடுக்கோட்டை ஒட்டிய மேகம் மூடிய நாடுகளுக்கு இரண்டாவது வகை பெருந்துணை. மேகத்தை ஊடுருவி அது பார்க்கும். பச்சை இலை, மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும்; வெறும் மண்ணும் நீரும் அவ்வாறு அனுப்புவதில்லை. இவ்வேறுபாடுகளைக் கொண்டு கணினி உலகைப் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திற்கும் 11 வகைகளுள் ஒன்றைச் சூட்டுகிறது. மரம், புதர், புல், பயிர், கட்டடம், வெற்று நிலம், நீர், சதுப்பு, அலையாத்தி, பனி, பாசி ஆகியவை அவ்வகைகள். (கடைசி இரண்டிற்கும் மலேசியாவில் வேலை இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை.)

அப்படத்தின் ஒட்டுமொத்தத் துல்லியம் 2020ஆம் ஆண்டுப் படத்திற்கு ஏறத்தாழ 74 விழுக்காடு, 2021ஆம் ஆண்டுப் படத்திற்கு ஏறத்தாழ 77 விழுக்காடு என்று அதனை உருவாக்கியோரே அறிவித்துள்ளனர். உலகம் முழுவதையும் ஒரே அளவுகோலால் அளந்த ஒரு பணிக்கு இஃது அரிய வெற்றி. ஆனால், ஊர்ப்படத்திற்கு? நான்கு சதுரங்களில் ஏறத்தாழ ஒன்று பிழையாக இருக்கலாம் என்பது அதன் பொருள். நூறு வினாக்களில் எழுபத்தைந்துக்கு விடை எழுதிய மாணவனை ஆசிரியர் பாராட்டலாம். எந்த இருபத்தைந்து விடைகள் தவறு என்று தெரியாத விடைத்தாளைப் பாடநூலாக அச்சிடுவாரா?

துல்லியத்தைவிட ஆழமான ஒரு சிக்கல் சொற்பொருளில் இருக்கிறது. அப்படத்தில் 'மரப்போர்வை' என்பதற்கு வகுக்கப்பட்ட இலக்கணம், பத்து விழுக்காட்டிற்கு மேல் மரம் மூடிய நிலம் என்பது. செம்பனைத் தோட்டமும் ஒலிவத் தோப்பும் அதனுள் அடங்கும் என்று அவ்விலக்கணமே வெளிப்படையாகக் கூறுகிறது. ஆகவே பகாங்கின் தொன்மையான மழைக்காடும் சிலாங்கூரின் செம்பனைத் தோட்டமும் அந்தப் படத்தில் ஒரே பச்சை. இதனைப் பொறியின் பிழை என்று கூறுதல் தகாது, 'மரம் இருக்கிறதா?' என்னும் வினாவிற்கு 'இருக்கிறது' என்று அது செம்மையாகவே விடை கூறியிருக்கிறது. பிழை எப்போது நேர்கிறது என்றால், அந்த 'மரப்போர்வை'யை எடுத்து மக்கள் படத்தில் 'காடு' என்று பெயர் மாற்றி ஒட்டும்போது நேர்கிறது.

மலேசியாவில் செம்பனை மட்டும் ஐந்தரை மில்லியன் எக்டருக்கு மேல் பரந்திருக்கிறது. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளும், 1917ஆம் ஆண்டில் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில் வணிக நோக்கோடு முதன்முதலாக நடப்பட்ட செம்பனையும் (அத்தோட்டத்தின் பெயரில் தமிழ் ஒலிப்பதைக் கவனிக்க வேண்டும்) இந்நாட்டு நிலத்தின் முகத்தையே மாற்றின. அம்மாற்றத்தைச் செய்த கைகளுள் தமிழர் கைகள் எத்தனை என்பது யாவரும் அறிந்தது. காட்டை அழித்தும், மலேரியாவில் மடிந்தும், கன்று நட்டும், பால் வெட்டியும் ஒரு மக்கட் கூட்டம் ஆக்கிய நிலத்தை, 'இங்கு மரம் இருக்கிறது. ஆகவே காடு' என்று ஒரு படம் காட்டுமானால், அந்தப் படத்தில் அம்மக்கள் இல்லை. லயத்து வீடுகள் இல்லை. மாரியம்மன் கோயில் இல்லை. ஆலையும் கடையும் திடலும் இல்லை. பத்து மீட்டர்ச் சதுரத்தில் செம்பனை ஓலை கோயிற் கூரையை மறைத்துவிட்டால், பொறிக்கு அது வெறும் ஓலைதான்.

தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு இந்நிலை புதிதாகத் தோன்றாது. நிலத்தைப் பிரித்துப் பெயரிடும் கலையில் தொல்காப்பியர் மரபு மிகப் பழையது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள் என்றும் அம்மரபு வகுத்தது. குறிஞ்சியை மலை என்றும் முல்லையைக் காடு என்றும் கூறியதோடு அது நின்றுவிடவில்லை. அங்கு வாழ்வோர் யாரை வணங்கினர், என்ன உண்டனர், என்ன தொழில் செய்தனர் என்பவற்றையும் நிலத்தின் இலக்கணத்திலேயே சேர்த்தது. பொறி காண்பதோ கருப்பொருளுள் மரம் ஒன்றை மட்டும். புவியியலார் இன்று 'நிலப்போர்வை' என்றும் 'நிலப்பயன்பாடு' என்றும் பிரித்துப் பேசுவது ஏறத்தாழ இந்த வேறுபாட்டையே. மேலே போர்த்தியிருப்பதைத் துணைக்கோள் காணும். போர்வைக்குள் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதை அருகில் சென்றவர்தாம் அறிவர்.

முதற்பொருளில் பொழுதைச் சேர்த்ததும் நுட்பமானது. முல்லையும் குறிஞ்சியும் வறட்சியால் தம் இயல்பு திரிந்து பாலையாகத் தோன்றும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரம் பயின்றோர் அறிவர். தோட்ட நிலமும் அவ்வாறே பொழுதுக்கு ஏற்ப வேடம் மாற்றுவது. ரப்பர் மரம் ஆண்டுக்கு ஒருமுறை வறண்ட பருவத்தில் இலை முழுவதையும் உதிர்த்து, சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கும். ஆய்வாளர் சிலர் இந்த இலையுதிர்வைக் கொண்டே ரப்பரை இயற்கைக் காட்டிலிருந்து பிரித்தறிகின்றனர். செம்பனையோ ஏறத்தாழ 25 ஆண்டுகள் காய்த்த பின் வீழ்த்தப்பட்டு மறுநடவு காணும். வீழ்த்திய ஆண்டில் பார்த்தால் வெற்று நிலம். மூடுபயிர் படர்ந்த ஆண்டில் பார்த்தால் புல்வெளி. கன்று வளர்ந்து கை கோத்த பின் மரப்போர்வை. தோட்டம் ஒன்று, தோற்றம் மூன்று. ஒரே ஆண்டின் தரவை எடுத்து மக்கள் படத்தில் பதித்துவிட்டால், மறுநடவுக் காலத்துத் தோட்டம் என்றென்றும் புல்வெளியாக நின்றுவிடும். அதைத் திருத்த யாரேனும் வரும்வரை நிற்கும். யாரும் வாராவிடில் நின்றுகொண்டே இருக்கும்.

இவையெல்லாம் பெயர் பற்றிய வாதந்தானே என்று ஒதுக்கிவிட இயலாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் காடழிப்புக்கு எதிரான ஒரு சட்டத்தை இயற்றியது. 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த செம்பனை எண்ணெய், ரப்பர் உள்ளிட்ட ஏழு வகைப் பொருள்களை அவ்வொன்றியத்தின் சந்தைக்குள் விடலாகாது என்பதும், விளைந்த நிலத்தின் இருப்பிடத்தைக் குறித்துக் காட்ட வேண்டும் என்பதும் அதன் உட்கிடை. அச்சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிவைக்கப்பட்டது. எனினும் அதற்குத் துணையாக ஒன்றியத்தின் ஆய்வு மையம் 2020ஆம் ஆண்டின் காட்டுப் படம் ஒன்றை வெளியிட்டது. முன்சொன்ன வேர்ல்ட்கவரும் அதன் அடிப்படைகளுள் ஒன்று. தோட்டங்களைக் கழித்துவிட முயன்றும், சில இடங்களில் வேளாண் மரத்தோப்புகள் காடாகவே எஞ்சிவிட்டன என்னும் குறை எழுந்தது. அப்படம் சட்டப்படி கட்டாயமானதன்று என்பது உண்மையே. ஆயினும் மூன்று ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் ஒருவர், 'இது காடன்று. என் தகப்பனார் வைத்த மரம்' என்று நிறுவ வேண்டிய நிலை அவருக்கு எளிதா? பெரிய நிறுவனத்திடம் நில அளவையாளரும் வழக்கறிஞரும் இருக்கின்றனர். அவரிடம் இருப்பது மரந்தான்.

இதனால் பொறியின் தரவே வேண்டா என்று கூறுதலும் ஒருதலை வழக்காகும். மக்கள் எண்ணிக்கை குறைந்த பெருநிலங்களில் தன்னார்வலர் வந்து சேர இன்னும் நெடுங்காலம் ஆகலாம். அதுவரை ஏரிக்கும் சதுப்புக்கும் ஓர் அடையாளமேனும் இருப்பது நன்று என்று வாதிடுவோர் கூற்றில் நியாயம் உண்டு. வெற்றிடம், வருபவரை 'என்னை வரை' என்று அழைக்கும். நிரப்பிய இடமோ 'வேலை முடிந்தது' என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பிவிடும் என்று மறுதரப்பார் கூறுவர். இரண்டாவது கூற்றே வலிமையுடையது. ஏனெனில் வெற்றிடத்தின் குறை எவர் கண்ணுக்கும் புலப்படும். தவறான பச்சையின் குறை அந்த ஊரார் கண்ணுக்கு மட்டுமே புலப்படும். அவ்வூரார் படத்தைத் திறந்து பார்த்திருந்தால்தானே!

இத்தகைய பட்டறிவின் விளைவாக அத்திட்டத்தார் சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டனர். மொத்தமாக ஏற்ற விரும்புவோர் முன்கூட்டியே அறிவித்து உள்ளூர் வரைவாளரின் இசைவைப் பெறுதல் வேண்டும். செய்முறையை எழுதி வெளியிடுதல் வேண்டும். தம் சொந்தப் பணியோடு கலவாமல் தனிக் கணக்கில் செய்தல் வேண்டும். உரிமச் சிக்கலும் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் தரவெல்லாம் எடுத்தாளத்தக்கது என்பது ஒரு மயக்கம். வேர்ல்ட்கவர் போன்று, மூலத்தைக் குறிப்பிட்டால் போதும் என்னும் உரிமத்தில் வெளிவருவனவற்றிற்குங்கூட, மக்கள் படத்தில் சேர்க்க உரிமையாளரின் தனி இசைவு வேண்டும் என்பதே அத்திட்டத்தின் அறக்கட்டளை கொண்ட நிலை.

ஏற்றுவதற்கும் புறக்கணிப்பதற்கும் இடையே மூன்றாவது வழியொன்று இருக்கிறது. பொறியின் படத்தை மக்கள் படத்திற்கு அடியில் மங்கலாக விரித்து வைத்து, அது ஐயுறும் இடங்களை மட்டும் மனிதர் ஒவ்வொன்றாகப் பார்த்து வரைவது அவ்வழி. பேஸ்புக் நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வரைகருவியும் இம்முறையைத் தழுவியதே. கணினி கண்ட சாலையை அது சுட்டிக்காட்டும், ஏற்பதும் தள்ளுவதும் வரைபவர் பொறுப்பு. பொறி இங்கே சட்டாம்பிள்ளையாக இருக்கிறது, ஆசிரியராக இல்லை.

தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளி மாணவர் பத்துப்பேர், ஓர் ஆசிரியரின் துணையோடு ஒரு சனிக்கிழமை காலையில் இதனைச் செய்யலாம். பொறி பச்சையாகக் காட்டிய இடத்தில் செம்பனையா ரப்பரா என்று கேட்டறிந்து எல்லை வரைதல் முதற்பணி. (அப்படத்தின் மரபில் செம்பனைக்கு உரிய குறி 'பழத்தோட்டம்' என்பது, அதனோடு மரத்தின் பெயரைத் தனியே எழுத வேண்டும். செம்பனையும் ஒரு பழந்தானே என்று ஆறுதல் கொள்ளலாம்.) பின்னர் லயம், கோயில், பள்ளி, திடல், தொழிலாளர் இறங்கிக் கடக்கும் ஓடை. ஒவ்வோர் இடத்திற்கும் தமிழ்ப்பெயரை எழுத அப்படத்தில் தனி இடம் உண்டு. தோட்டத்திற்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்றும், தொழிலாளர் வாயில் வழங்கிய பெயர் வேறொன்றுமாக இருந்த ஊர்களில் இப்பணி அவசரமானது. அப்பெயரை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். எந்தத் துணைக்கோளும் அதை மேலிருந்து கேட்டுவிட முடியாது.

ஒரு கட்டுப்பாட்டை மட்டும் பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும். இன்று நிலத்தின்மேல் இருப்பதையே அப்படத்தில் வரையலாம்; இருந்து மறைந்ததை வரைதல் ஆகாது. 1957ஆம் ஆண்டில் இந்நாட்டில் 800க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்று மேல் இருக்கின்றன. மூடப்பட்டவை பல தோட்டப்பள்ளிகள். துண்டாடலிலும் நில மேம்பாட்டிலும் கரைந்த தோட்டங்களோடு அவையும் போயின. அவற்றுக்கு அதே முறையில் இயங்கும் மற்றொரு திட்டமாகிய 'ஓப்பன் ஹிஸ்டாரிக்கல் மேப்' இடம் தருகிறது. அங்கே ஒரு பள்ளியைப் புள்ளியாக வைத்து, அது தொடங்கிய ஆண்டையும் முடிந்த ஆண்டையும் இரண்டு கட்டங்களில் எழுதலாம். தொடங்கிய ஆண்டைத் தேடப் பழைய வரவுப் பதிவேடுகளும், பள்ளி மலர்களும், அங்குப் படித்த பாட்டிமாரும் வேண்டும். முடிந்த ஆண்டைப் பெரும்பாலும் எல்லாரும் நினைவில் வைத்திருக்கின்றனர்.